தூக்குன நாலு பேர்

அந்த வார்த்தையை மட்டும் என் முன்னாடி சொல்லாதீங்க மேடம். பின்நவீனத்துவம். கேட்டாலே வயித்தைப் பொரட்டுது எனக்கு. ஒக்காருங்க. அதுல வேணாம், அது கால் ஆடும், இதுல ஒக்காருங்க.

பண்ருட்டியில, செல்போன் கடை மாடியில, கல்யாண வீடியோ எடிட் பண்றவனைத் தேடி யுனிவர்சிட்டியிலருந்து ஒருத்தங்க படியேறி வர்றாங்கன்னா எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? 'தெரு எண் பூஜ்ஜியம்' படத்துக்குத்தான். நீங்க மூணாவது ஆளு. சமகால சினிமாவில் பின்நவீனத்துவ பாணியும் விளிம்புநிலை மக்களும். இதானே உங்க தலைப்பு? விளிம்பாம் விளிம்பு. தட்டுக்குத்தான் விளிம்பு இருக்கும். நாங்க என்னா, தட்டு ஓரத்துல ஒட்டிக்கிட்டிருக்கற பருக்கையா?

கோச்சிக்காதீங்க. உங்களைச் சொல்லல. ஆனா யாரையாவது சொல்லணும்ல.

நான் பதினெட்டு வருசம் சினிமாவுல இருந்தவன். முழுப் பேரு பா. கலியமூர்த்தி. டைட்டில்ல கலிமூர்த்தின்னு ஓடும். பதினோரு படத்துல அசோசியேட் டைரக்டர். அதுல கடைசிப் படம் இது. இதுக்கப்புறம் சாலிகிராமம் ரூமைக் காலி பண்ணிட்டு வந்துட்டன். ஏன் வந்தன்னு கேக்கறவங்ககிட்ட உடம்பு சரியில்லன்னு சொல்லுவன். உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. குமட்டல்தான்.

ப்ரணவ் சாரைப் பேட்டியில பாத்திருப்பீங்க. என்னைவிடப் பதிமூணு வயசு சின்னவரு. வெளிநாட்டுல சினிமா படிச்சவரு. கெட்டவரு கெடையாது, அதை மொதல்லயே சொல்லிடறன். கெட்டவனா இருந்தா மொகத்துல காறித் துப்பிட்டு வந்திருப்பன். 'கலி சார், கலி சார்'னுதான் கூப்புடுவாரு. சாப்பாட்டு நேரத்துல அவரு தட்டுலருந்து எடுத்து என் தட்டுல வெப்பாரு. அதான் நெனைக்க நெனைக்க இன்னும் ஒரு மாதிரியா இருக்கு.

கதை பேச ஒக்காந்தம். ஏழு பேரு. ஏசி ரூமு. 'கதை வேணாம், ஆளுக்கொரு சம்பவம் சொல்லுங்க. உங்களுக்கு நடந்தது. உங்க உடம்புல இருக்கறது'ன்னாரு. ஒருத்தன் காதலி விட்டுட்டுப் போனதைச் சொன்னான். ஒரு பொண்ணு, வளர்த்த பூனை செத்ததைச் சொல்லிச்சி. நான் எங்கப்பா சாவைச் சொன்னன்.

எங்கப்பா பேரு பாவாடை. ஊரு ஓடைத்தாங்கல் காலனி. இங்கருந்து பதினாறு கிலோமீட்டர். சுடுகாட்டுக்குப் போவ எங்களுக்கு ஓடைக்கரையோரமா ஒத்தையடித் தடம் ஒண்ணுதான். வெயில் காலத்துல போயிடலாம். மழைக் காலத்துல ஓடை ரெண்டு கரையும் ஏறி, தடமே இருக்காது. ஊர்த்தெரு வழியாப் போனா எட்டு நிமிசம். ஆனா அந்தத் தெருவுல எங்க பொணம் போவக்கூடாது. உசுரோட போலாம். ரேசன் வாங்கப் போலாம், ஓட்டுப் போடப் போலாம், அவங்க சாவுக்கு மேளம் அடிக்கப் போலாம். நாங்க செத்தாப் போவக்கூடாது.

அப்பா செத்தது கார்த்திகை மாசம். புயல் மழை. ரெண்டு நாளு வூட்டுலயே போட்டு வெச்சிருந்து, ஊர்க்காரங்களைக் கெஞ்சி, அவங்க தெருவுக்குக் குறுக்கால ட்ராக்டரை நிறுத்தி, தகராறு ஆவி, கடைசியில ஓடையில எறங்கித் தூக்கிட்டுப் போனது. கழுத்து மட்டும் தண்ணி. பாடையைத் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு.

இதைச் சொன்னன். முன்பக்கம் வலதுகைப் பக்கம் நான் புடிச்சிருந்தன்னு சொன்னன்.

பூனைக்கு அழுத பொண்ணு மறுபடியும் அழுதுச்சி. ப்ரணவ் சார் எழுந்து வந்து என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டாரு. அன்னிக்குச் சாயங்காலம் அவரு கார்ல முன்சீட்ல ஒக்கார வெச்சிக் கொண்டாந்து விட்டாரு. பதினெட்டு வருசமா டெம்போவுல லைட்டு ஸ்டாண்டுங்களோட ஸ்டாண்டா வந்தவன் நான். சீட் பெல்ட் போடத் தெரியல. அவரே குனிஞ்சி போட்டுவிட்டாரு.

'நெஜமாவே நீங்க தூக்குனீங்களா கலி சார்?'னு வழியில ரெண்டு தடவ கேட்டாரு. ஆமான்னன். 'உங்க அக்கா இருக்காங்கல்ல, அவங்ககிட்டயும் பேசலாமா?'ன்னாரு. 'அவங்களுக்குப் பேச வராது சார். வயக்காட்டு வேலைக்குப் போற பொம்பளை. கேமராவைப் பாத்தா முந்தானையால மொகத்தை மூடிக்கும்'னன். பேச வராதாம்! என் வாயில அப்ப ஏன் அந்த வார்த்தை வந்துச்சோ.

மூணு மாசம் கழிச்சி ஸ்க்ரிப்ட்டைக் குடுத்தாரு. படிச்சன். தலையும் புரியல, வாலும் புரியல. ஒரே சாவு மூணு தடவ வருது. மொதல் தடவ கறுப்பு வெள்ளையில, செய்தி மாதிரி. ரெண்டாவது தடவ தெரு பேசுது. 'நான் தெரு. என்மேல எத்தனையோ பாதங்கள்'னு ஒரு பொம்பளைக் குரல்ல. மூணாவது தடவ எல்லாம் பின்னாடி போவுது. சுடுகாட்டுலருந்து பொணம் வூட்டுக்குத் திரும்பி வருது. நடு ஓடையில பொணம் எழுந்து ஒக்காந்து, கேமராவைப் பாத்து, 'கட் சொல்லுங்கப்பா, தண்ணி ஜில்லுன்னு இருக்கு'ங்குது. ஒடனே கேமரா திரும்புது. லைட்டு, கிரேனு, மானிட்டர் முன்னாடி ஒக்காந்து சாண்ட்விச் தின்னுக்கிட்டிருக்கற ப்ரணவ் சாரு.

'சார், எங்கப்பா எழுந்திரிக்கலியே'ன்னன்.

சிரிச்சாரு. நல்ல சிரிப்பு, கிண்டல் இல்ல. 'கலி சார், சினிமா பொய்னு சினிமாவே ஒத்துக்கணும். அதுதான் நேர்மை. எது உண்மைன்னு யாரு முடிவு பண்றது? உங்களுக்கு ஒரு உண்மை. ஊர்க்காரங்களுக்கு ஒரு உண்மை. அந்த ஓடைக்கு ஒரு உண்மை.'

ஓடைக்கு என்னா மேடம் உண்மை? தண்ணி. வேற என்னா? ட்ராக்டரைக் குறுக்கால நிறுத்துனவனுக்கு ஒரு உண்மை, பொணத்தோட மழையில நின்னவங்களுக்கு ஒரு உண்மை, ரெண்டும் ஒரே எடைன்னா அது என்னா தராசு? அப்பவே கேட்டிருக்கணும். கேக்கல. தலையாட்டுனன். முன்சீட்ல ஒக்காந்தவன் கேக்க முடியாது.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு ஏரியில எடுத்தம். பொணமா நடிக்க வயசான ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் ஒருத்தர். ரெண்டு நாளு தண்ணியில ஊறி அவருக்குக் காய்ச்சல் வந்துடுச்சி. நான் பொணம்தான், ஆனா சாவ முடியாதுன்னுட்டுப் போயிட்டாரு. ப்ரணவ் சாரு என்னையே பாக்கறாரு. 'கலி சார், உங்க மொகத்துல உங்க அப்பா இருப்பாரில்ல?'

படுத்தன். என்னா பண்றது.

'ரெண்டு ஷேடு கறுப்பாக்குங்க'ன்னு குரல் வந்துச்சி. என்னைப் பாத்துட்டுமா சொல்றீங்கன்னு எனக்குச் சிரிப்பு. மேக்கப் போடறவருக்கே கூச்சமாயிடுச்சி. டப்பாவுல இருந்த கறுப்பு என் தோள்ல தெரியவே இல்ல மேடம். எங்கப்பா என்னைவிட நெறம். நான் எங்கம்மா மாதிரி. அதைச் சொல்ல வாயைத் தொறந்தன், மூக்குல பஞ்சு வெச்சிட்டாங்க.

முன்பக்கம் வலதுகைப் பக்கம் ஒரு புது நடிகன். என் வேசம் அவனுக்கு. ஜிம் ஒடம்பு. மழையில தோளு தெரியணும்னு சட்டையைக் கழட்டச் சொல்லிட்டாங்க. நெனைச்சிப் பாருங்க. நானா நடிக்கறவன், எங்கப்பாவாப் படுத்திருக்கற என்னையத் தூக்கிக்கிட்டுப் போறான். பதினாலு டேக்கு. பதிமூணாவதுல எனக்குக் கண்ணு ஓரம் தண்ணி வந்துடுச்சி. பொணம் அழுவுதுன்னு கட் பண்ணிட்டாங்க. அடுத்தது ஓகே.

அப்புறம் உங்களுக்கே தெரியும். வெளிநாட்டு விழாவுல விருது. இங்க தியேட்டர்ல ஒம்பது நாளு. ஆனா எழுதுனாங்க பாருங்க, எழுதுனாங்க, எழுதுனாங்க! பிணத்தின் எதிர்ச்சொல்லாடல்னு ஒரு கட்டுரை. பாடையும் பிரதியும்னு ஒண்ணு. சென்னையில ஒரு கூட்டத்துல தாடி வெச்ச ஒருத்தர் முக்கா மணி நேரம் பேசினாரு. 'இது நினைவின் நம்பகமின்மையைப் பேசும் படம்'னாரு. மனுசனுக்கு ஞாபகம் தப்பும், அதனாலதான் மூணு விதமாக் காட்டறாங்களாம். எங்களுக்கு ஞாபகமெல்லாம் தப்பல மேடம். காலனியில ஒருத்தருக்கும் தப்பல. ட்ராக்டரை நிறுத்துனவனுக்குக்கூடத் தப்பல, இன்னமும் அதே வண்டிதான் ஓட்டறான். நினைவின் நம்பகமின்மையாம். சீ.

என்னையும் மேடையேத்தி ஒரு நிமிசம் பேசச் சொன்னாங்க. 'அந்தக் கனம் இன்னும் என் தோள்ல இருக்கு'ன்னன். அவ்வளவுதான் சொன்னன். எழுந்து நின்னு கைத்தட்டினாங்க. ஒரு அம்மா வந்து என் தோளைத் தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க.

அதோட விட்டிருக்கலாம். ப்ரணவ் சாருக்கு மனசு கேக்கல. 'யாரோட கதையோ அவங்க பாக்கணும்'னாரு. இங்க பண்ருட்டியில ஒரு பழைய தியேட்டரைப் புடிச்சி, அஞ்சாறு பஸ்ஸு வெச்சி, காலனி சனத்தையே கூட்டியாந்தம். கல்யாணத்துக்கு வர்ற மாதிரி எல்லாம் புதுத் துணி. எங்கக்கா பூங்காவனம் மூணாவது வரிசையில ஒக்காந்திருந்துச்சி. எனக்கு ஒரே அக்கா. அம்மா போனப்புறம் என்னை வளர்த்தது அதுதான்.

படம் ஓடுது. பொணம் எழுந்து ஒக்காந்துச்சா, தியேட்டரே அதிருது. 'டேய், நம்ம கலிடா!'ன்னு விசில். எங்கப்பாவுக்கு மாரடிச்சி அழுத பொம்பளைங்க, முந்தானையை வாயில வெச்சிக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்குதுங்க. எனக்கு எப்பிடி இருந்துச்சி தெரியுமா? படத்தை எடுத்தவன் மேல இருந்த அருவருப்பு பாதிதான். மீதி எங்க சனத்து மேல. உங்க பொணம்டா அது, அதுக்கா சிரிக்கிறீங்கன்னு கத்தணும்போல இருந்துச்சி. அக்கா மட்டும் சிரிக்கல. அப்பிடியே ஒக்காந்திருந்துச்சி.

படம் முடிஞ்சி ப்ரணவ் சார் மைக்கைப் புடிச்சாரு. 'யாரு வேணும்னாலும் பேசலாம். திட்டலாம்கூட'ன்னாரு. அப்புறம் அக்கா எழுந்துச்சி.

'தம்பி, ஒண்ணு கேக்கலாமா?'

'கேளுங்கம்மா.'

'முன்னால வலதுகைப் பக்கம் தூக்கிக்கிட்டுப் போற பையன் யாரு?'

'அது கலி சார்மா. உங்க தம்பி.'

'இவனா?' என்னைத் திரும்பிப் பாத்துச்சி. 'இவன் அன்னிக்கி இல்லியே.'

முந்நூறு பேரு முன்னாடி மேடம். கூடப் பொறந்தவ. ஒரு சபையில தம்பியை இப்பிடி விட்டுக் குடுக்கலாமா? தனியாக் கூப்ட்டுக் கேட்டா என்னா?

சரி, இல்ல. அன்னிக்கி நான் இல்ல. வேணும்னா வராம இருந்தன்? ஒரு படத்துக்கு மழை சீன் எடுத்துக்கிட்டிருந்தம். லாரித் தண்ணி, கதாநாயகி நனையுது. முடி எந்தக் கன்னத்துல ஒட்டியிருக்கு, பொட்டு எவ்வளவு கரைஞ்சிருக்கு, எந்தக் கையில எத்தனை வளையலு, அடுத்த ஷாட்டுல மாறிடக்கூடாதுன்னு எல்லாம் என் நோட்டுல. காலையில அக்கா போன் பண்ணிச்சி. டைரக்டர்கிட்ட சொன்னா அனுப்பியிருப்பாரு, நல்ல மனுசன். நான் சொல்லல. ஷூட்டிங் முடிஞ்சி பேக்கப் ஆவட்டும்னு இருந்தன். மறுநாளும் அதே சீனு. மூணாம் நாள் கெளம்பினன். அந்தப் புயல்ல பஸ்ஸு எங்க ஓடுச்சி? ஓடுச்சின்னு அக்கா சொல்லும். அது எதைத்தான் ஒத்துக்கும்.

ஆனா அன்னிலருந்து நான் தெனம் தூக்கறன் மேடம். மனசுல தூக்கறது தூக்கறது இல்லியா?

அக்கா அதோட நிறுத்தல. பேச வராதுன்னு நான் சொன்ன அக்கா. மைக்கு வேணாம்னுடுச்சி. சும்மா நின்னுக்கிட்டுப் பேசிச்சி.

'அன்னிக்கி ஆம்பளைங்களே இல்ல தம்பி. தெருவுல தகராறு ஆனதும் போலீசு வண்டி வந்து, பேசித் தீத்துக்கலாம் வாங்கன்னு பதினோரு பேரை ஏத்திக்கிட்டுப் போயிடுச்சி. மிச்சம் இருந்ததுங்க பயந்துக்கிட்டுக் கரும்புக் கொல்லையில பூந்துக்கிச்சி. பொணம் ஊத ஆரம்பிச்சிடுச்சி. இன்னும் எத்தினி நேரம் வெச்சிருக்கறது? பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறதில்லதான். என்னா பண்றது? நாங்க நாலு பொம்பளைங்க தூக்குனம். தண்ணி இங்க இருந்துச்சி.' கையைக் கொண்டுபோயி ஒதட்டுக்குக் கீழ வெச்சிச்சி. 'பாதி ஓடையில சின்னம்மாவுக்குக் காலு வழுக்கிடுச்சி. பாடை சாஞ்சி அப்பா தண்ணிக்குள்ள போயிட்டாரு. செங்கலங்கத் தண்ணி. உள்ள ஒண்ணுமே தெரியல. நாலு பேரும் காலாலயே தொழாவுனம். என் காலுலதான் ஆப்ட்டாரு. நெஞ்சு மேல மிதிச்சிட்டன். மிதிச்ச எடம் தெரிஞ்சாத்தானே குனிஞ்சி எடுக்க முடியும்? காலை எடுக்காம, அப்பிடியே மிதிச்சிக்கிட்டே நின்னன், மத்தவங்க முழுவி எடுக்கற வரைக்கும்.'

அக்கா ப்ரணவ் சார் பக்கம் திரும்பிச்சி.

'இத்தினி வருசமா நாங்க நாலு பேரும் இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ அவரு எழுந்து ஒக்காந்து பேசற மாதிரி காட்டுன. அவரு பேசல தம்பி. மிதிச்சிக்கிட்டு நின்னப்ப, மன்னிச்சிக்கப்பா மன்னிச்சிக்கப்பான்னு சொல்லிக்கிட்டே இருந்தன். ஒண்ணும் பேசல.'

இப்ப ப்ரணவ் சாரு என்னா பண்ணாருன்னு நெனைக்கறீங்க? மேடையிலருந்து குதிச்சி ஓடியாந்தாரு. அக்கா முன்னாடி முட்டி போட்டாரு. கண்ணெல்லாம் தண்ணி, நெஜமான தண்ணி. 'அம்மா, இதுதாம்மா! இதுதான் நாலாவது வெர்ஷன்!'

அக்கா என்னைப் பாத்து, 'வெர்ஷன்னா என்னாடா?'ன்னுச்சி.

'ஒரு விதமாச் சொல்றதுக்கா.'

'நான் ஒரு விதமாச் சொல்லலியே. நடந்ததைச் சொன்னன்.' அவரு பக்கம் திரும்பி, 'எழுந்திரு தம்பி, துணி அழுக்காவுது. இதைப் படத்துல கிடத்துல போட்டுடாத. இங்க இருக்கறதெல்லாம் எங்க சனம். இவங்களோட இருக்கட்டும்'னுச்சி. அவரு அக்கா கையைப் புடிச்சிச் சத்தியம் பண்ணாரு.

நிகழ்ச்சியை நான்தான் செல்போன்ல ரெக்கார்டு பண்ணிக்கிட்டிருந்தன். பண்ணச் சொன்னது ப்ரணவ் சார். அக்கா பேச ஆரம்பிச்சப்ப நிறுத்தியிருக்கலாமேன்னு கேப்பீங்க. கட்னு யாராவது சொன்னாத்தான் நிறுத்திப் பழக்கம் எங்களுக்கு.

ரெண்டு வாரம் கழிச்சி போன். 'கலி சார், ஓடிடிக்குப் படம் போவுது. எனக்குத் தூக்கமே இல்ல. கடைசியில திரையை இருட்டாக்கிட்டு, உங்க அக்கா குரல் மட்டும் வந்தா எப்பிடி இருக்கும்? மொகம் வேணாம். பேரு வேணாம். அப்பிடிப் போட்டா நான் பண்ண சத்தியமும் மீறல. நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, விட்டுடறன்.' என்கிட்ட கேட்டாரு பாருங்க. மூணு மணி நேரம் ஓட்டிக்கிட்டு வந்து கேக்கக்கூடத் தயாரா இருந்தாரு. கேக்காமலே போடறவங்க எத்தனை பேரு?

அனுப்பினன். நான் அனுப்பலேன்னா வேற எவனாவது அனுப்பியிருப்பான். அங்க எத்தனை செல்போன் இருந்துச்சி.

அனுப்பறதுக்கு முன்னாடி ஆரம்பத்துல ஒரு வரியை மட்டும் வெட்டினன். இதோ, இதே கம்ப்யூட்டர்ல. 'இவன் அன்னிக்கி இல்லியே'ங்கற வரி. அது படத்துக்குத் தேவையில்ல மேடம். அது குடும்ப விசயம். இதை நீங்க எழுதிடாதீங்க.

அதுலருந்து இன்னும் எழுதறாங்க. மகன் தூக்கறதாப் படம் காட்டுது, பொம்பளைங்க தூக்குனதாக் குரல் சொல்லுது, எது உண்மைன்னு படம் சொல்லவே இல்லியாம், அதான் உச்சமாம். 'ஆண் கதையாடலைப் பெண் குரல் கலைத்துப் போடுகிறது.' நீங்க எழுதுனதுதானே? படிச்சன். நல்லாத்தான் எழுதியிருந்தீங்க. படிச்சிட்டு எழுந்து போயி வாயைக் கொப்புளிச்சிட்டு வந்தன். தப்பா எடுத்துக்காதீங்க. அதுல கலைச்சிப் போட ஒரு எழவும் இல்ல மேடம். ஒண்ணு நடந்தது. இன்னொண்ணு நான் சொன்னது. அவ்வளவுதான்.

திருப்பூர்ல இருக்கற மருமவ பாத்துட்டு அக்காவுக்குப் போன் பண்ணியிருக்கு, 'அத்தை, உங்க குரலு படத்துல வருது'ன்னு. ஆடி மாசம், மத்தியான வெயில்ல, அக்கா இந்தப் படியேறி வந்துச்சி. 'போட்டுக் காட்டு'ன்னுச்சி. போட்டன். ஹெட்போனை நானே மாட்டிவிட்டன். தன் குரலை முழுசாக் கேட்டுச்சி. பேரு ஓடி முடியற வரைக்கும் திரையைப் பாத்துச்சி. அது அஞ்சாவது வரைக்கும் படிச்சது, எழுத்துக் கூட்டிப் படிக்கும்.

'நான் மொதல்ல ஒண்ணு சொன்னனே, அது எங்கடா?'

'நீளமாப் போச்சிக்கா.'

'ம்.'

திட்டும்னு பாத்தன். திட்டல. திட்டியிருந்தா நானும் நாலு வார்த்தை பேசியிருப்பன். டீ சொல்லட்டுமான்னன். வேணாம்னுடுச்சி.

'நீ தூக்குனன்னு சொன்னதைக்கூட வுட்டுடறன்டா. வராதவனுக்குத் தூக்கியிருக்கணும்னு ஆசை இருக்கும். சொல்லிட்டுப் போ. வேணாம்னு சொன்னதைப் போட்டுட்டாங்க, அதையும் இனி என்னா பண்றது. ஆனா ஒன் பேரு ரெண்டு எடத்துல ஓடுது. அசோசியேட்டுன்னு ஒண்ணு. களப்பதிவுன்னு ஒண்ணு. சோறு போட்டவன் பேரு ஓடுது, வண்டி ஓட்டுனவன் பேரு ஓடுது. எங்க நாலு பேரு பேரு ஒரு எடத்துலயும் இல்லியே.'

'பேரு வேணாம்னு நீதானக்கா...'

'கதையைப் போடாதன்னன். கதையைப் போட்டுட்டு பேரை வுட்டுடுன்னா சொன்னன்?' எழுந்து சேலையை ஒதறிக்கிச்சி. வாசப்படியில நின்னு கேட்டுச்சி. 'அந்த நாலு பேரு யாரு யாருன்னாவது ஒனக்குத் தெரியுமா?'

'தெரியும்க்கா'ன்னன்.

போயிடுச்சி. அன்னிலருந்து நான் போன் பண்ணா எடுக்கறதில்ல. நீங்களே சொல்லுங்க, நான் யாருக்கு என்னா கெடுதல் பண்ணன்? ஊரு பண்ணது, போலீசு பண்ணது, படம் எடுத்தவரு பண்ணது, எல்லாத்தையும் விட்டுட்டு என்கிட்ட வந்து...

இல்ல, அந்த நாலு பேரு பேரைக் கேக்கறீங்கன்னு புரியுது. எழுதிக்குங்க. அக்கா ஒண்ணு. பூங்காவனம். சின்னம்மா ஒண்ணு. சின்னம்மான்னுதான் கூப்புடுவம், பேரு ராசாக்கிளி. ராசாமணியோ? ராசாக்கிளின்னே போட்டுக்குங்க. மூணாவது மேட்டு வூட்டுக்காரம்மா. போன வருசம் பாம்பு கடிச்சிச் செத்துப்போச்சி. அதைத் தெரு வழியா வுட்டாங்களான்னு தெரியல, நான் போவல. பேரு... நாக்கு நுனியில நிக்குது. நாலாவது...

இருங்க.

நாலாவது யாருன்னு அன்னிக்கு நான் கேக்கல மேடம்.

நீங்க இங்கருந்து ஓடைத்தாங்கல்தானே போறீங்க? அரை மணிக்கு ஒரு டவுன் பஸ் இருக்கு, காலனி வாசல்லயே நிக்கும். அக்காகிட்டக் கேட்டு நாலு பேரையும் சரியா எழுதிக்குங்க. எழுதிட்டு எனக்கும் ஒரு போன் பண்ணிச் சொல்லுங்க. நான் கேட்டன்னு மட்டும் அதுகிட்ட சொல்லிடாதீங்க.